பதில் வராவிட்டால் செய்துவிடு

ஸ்ரீரங்கம்
14.7.2024

அன்புள்ள செல்வம் அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாதி நாளை முழங்காலில் நின்றே கழிக்கிற மடத்தில் வேறு எது வலிக்கும் என்று லிசி கேட்கிறாள்.

ஒரு போட்டோ அனுப்பினால் முடிகிற விஷயத்தை நான்கு பக்கம் எழுத வைக்கிறீர்கள். உங்கள் மடத்தில் சாவுச் செய்திக்கு மட்டும்தான் போன் என்பதால் நீங்கள் படித்துத்தான் ஆகவேண்டும். மேலப்புதூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். லிசியின் அண்ணன் ரெஜிஸ் மச்சான் மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய கொள்ளிடக் கரை வீட்டில் இருக்கிறோம். பூட்டியே கிடந்த வீடு. "சும்மா குடியிருந்து பாத்துக்கங்க மாப்ள" என்றார். நான் எதற்கு ஒத்துக்கொண்டேன் தெரியுமா? பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. இருபத்துநாலு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், நெஞ்சளவு ஆழம். மச்சான் பெருமைக்குக் கட்டியது.

அனிஷாவுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. பிறந்தபோது இறுகிப்போன கால்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பிசியோதெரபி டாக்டர் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்: "தண்ணியில நடக்க விடுங்க சார். தண்ணி தாங்கும். தரை தாங்காது." எந்தப் பொதுக் குளத்தில் இவளை இறக்குவார்கள்? இப்போது வீட்டுக்குள்ளேயே குளம் கிடைத்திருக்கிறது.

ஆனால் குளத்தில் இருப்பது தண்ணீர் இல்லை அக்கா, கஷாயம். பக்கத்து வீட்டு ரங்கநாதன் சாரின் நாவல் மரம் மதிலைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாவல் பழம் விழுந்து விழுந்து அடித்தளம் முழுக்க ஊதா. கிளையை வெட்டலாமா என்று கேட்டேன். "வெட்டப்படாது சார். அது திருவானைக்கா ஈஸ்வரனோட மரம். நாங்க பெருமாள் கோஷ்டியா இருந்தாலும் அந்த மரியாதை உண்டு" என்றார். எழுபது வயது மனிதரிடம் என்ன பேசுவது?

நீங்கள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மடத்துக்குப் போனவர். நான் கல்லூரி ஆபீஸில் பைல் கட்டுகிறவன். இந்தத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது? கூகிளில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை.

செபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஆசீர்

*

சேசு மரி சூசை

மலையடி மடம்
2.8.2024

அன்புத் தம்பி ஆசீருக்கு,

உங்கள் மூவருக்கும் தேவ சமாதானம் உண்டாகட்டும். முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். உனக்கு பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட மதர் அனுமதி கொடுத்தார். ரங்கநாதன் சார் பேசிய இடத்தில் எண்பது வயது சிஸ்டர் பிரான்சி சிரித்துப் புரையேறிவிட்டார்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கெமிஸ்ட்ரியை நம்புகிறாய், பாவம். தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் மருந்து வேண்டாம். இப்போது இருப்பதை முழுக்க வெளியேற்றிவிட்டு, தரையையும் சுவரையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடு. தினமும் காலையில் வலையால் இலையை அள்ளு. இலை அழுகினால்தான் பாசிக்குச் சாப்பாடு. பம்ப் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது ஓடவேண்டும். ஓடாத தண்ணீர் இரண்டே நாளில் கெட்டுப்போகும்.

அவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. எனக்கு அந்த எண் வேண்டும். அதைச் சொல்லித்தான் செபிக்கப் போகிறேன்.

அக்கா
செல்வமேரி

*

ஸ்ரீரங்கம்
8.9.2024, மாதா பிறந்தநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருக்கும் திருநாள் வாழ்த்து. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போகிறது. லிசி நர்ஸ் ஆயிற்றே, போகாமல் விடுவாளா?

எண் கேட்டீர்களே. நான்கு.

நான்கு அடி அக்கா. சுவரோரக் கம்பியை விட்டுவிட்டு நான்கு அடி. நான் முன்னால் நின்று கையை நீட்டினேன். "கையை எடுங்கப்பா, உங்களாலதான் விழறேன்" என்று அதட்டினாள். எடுத்தேன். நடந்து வந்து என் நெஞ்சில் முட்டினாள். லிசி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். குளத்தில் நின்று அழுவதில் ஒரு வசதி, கண்ணீர் எது தண்ணீர் எது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது நான் முழு நேரக் குளக்காரன். விடிந்ததும் வலையோடு இறங்கிவிடுகிறேன். இலை, தும்பி, நேற்று இரண்டு தவளை. தவளைகளைக் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் போனால், "என்ன சார், குளத்து வாடை அடிக்கிறீங்க" என்கிறார்கள். பெருமையாக இருக்கிறது.

சந்தேகங்கள்: குளோரின் எப்போது போடுவது? காலையிலா, சாயங்காலமா? படிகாரம் போடலாமா? தண்ணீரில் லேசாக வழவழப்பு வருகிறதே, அது என்ன? பில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? உங்கள் பதில் வந்த பிறகுதான் எதிலும் கைவைப்பேன்.

தம்பி
ஆசீர்

*

சேசு மரி சூசை

மலையடி மடம்
3.10.2024

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நான்கு என்று சொல்லிச் சொல்லி செபமாலை எண்ணிக்கையே எனக்குத் தடுமாறுகிறது.

பிளீச்சிங் பவுடரைச் சாயங்காலம் போடு. பகலில் போட்டால் வெயில் அதைத் தின்றுவிடும். வாளித் தண்ணீரில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, தெளிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் குளத்தில் சுற்றி ஊற்று. மறுநாள் குளோரின் அளவு பார்க்கிற டெஸ்ட் குழாயில் எலுமிச்சை நிறம் வந்தால் சரி, அனிஷாவை இறக்கலாம். படிகாரம் கலங்கலுக்கு மட்டும், அதுவும் கொஞ்சமாக. பில்டரை வாரம் ஒருமுறை.

இன்னொன்று. நீ கேட்டு, நான் எழுதி, அது வந்து சேர மூன்று வாரம் ஆகிறது. குளம் அதுவரை காத்திருக்குமா? இனி இப்படி வைத்துக்கொள்வோம். என்ன செய்யப் போகிறாய் என்று எழுதிப் போடு. பத்து நாள் பார். தப்பாக இருந்தால் கிடைத்த அன்றே பதில் எழுதிவிடுவேன், மதரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பதில் வராவிட்டால் சரியென்று அர்த்தம், செய்துவிடு.

அக்கா
செல்வமேரி

*

ஸ்ரீரங்கம்
12.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

லிசிக்குச் சளி. மற்றபடி நாங்கள் நலம். மலையடிவாரத்தில் உங்களுக்குக் குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளி இருக்கிறதா?

உங்கள் பத்து நாள் ஏற்பாடு பிரமாதம். போன மாதம் பில்டர் மணலை மாற்றப் போவதாக எழுதினேன், பதில் இல்லை, மாற்றினேன், நன்றாக வேலை செய்கிறது. எண்: பதினொன்று. கம்பியே தொடாமல் பதினொரு அடி.

ஆனால் பத்து நாளாக மழை. தண்ணீர் பச்சையாகிவிட்டது. குளோரின் போடுகிறேன், போட்ட மாதிரியே தெரியவில்லை. டெங்கு ஒழிப்புக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்த அம்மா, "புழு இருக்கு சார். இத்தனை பெரிய தொட்டியை வச்சுக்கிட்டு ஊருக்கே காய்ச்சல் வளக்குறீங்களே" என்று சுவரில் தேதி போட்டுவிட்டுப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. ரங்கநாதன் சார் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மரத்து இலைதான் பாதி என்று சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் மச்சான் காதுக்குப் போய்விட்டது. "எதுக்கு மாப்ள இந்தத் தொல்லை? மணல் அடிச்சு மூடிட்டு கார் நிறுத்திக்கலாம்" என்கிறார். அவர் வீடு, அவர் குளம். நான் எப்படி வேண்டாம் என்பது? பிள்ளை பதினொரு அடி நடக்கிறாள் என்று சொன்னேன். "ஏப்ரலுக்குள்ள வருவேன். வர்றப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தா விட்டுடறேன்" என்றார்.

டெஸ்ட் குழாயில் இன்னொரு நிறம் பார்ப்பார்களே, அது ரத்தச் சிவப்பாக வருகிறது. என்ன செய்வது? இதற்கு மட்டும் பத்து நாள் கணக்கு வேண்டாம், பதில் எழுதுங்கள்.

தம்பி
ஆசீர்

*

சேசு மரி சூசை

மலையடி மடம்
25.11.2024

அன்புத் தம்பிக்கு,

கம்பளி இருக்கிறது. சளிக்கு லிசியை ஆவி பிடிக்கச் சொல். நர்ஸுகள் மற்றவர்களுக்குச் சொல்வதோடு சரி.

சிவப்பு வந்தால் தண்ணீரில் காரம் அதிகம். காரம் அதிகமானால் குளோரின் எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது. அதுதான் உன் பிரச்சினை. ஆசிட் கொஞ்சம் விடவேண்டும். கவனமாகக் கேள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு ஆசிட். ஒருக்காலும் ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றாதே, தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள். பம்ப் ஓடும்போது ஆழமான பக்கத்தில் மெதுவாக ஊற்று. அன்று அனிஷா இறங்கக்கூடாது. நிறம் இளஞ்சிவப்புக்கு வந்ததும் நிறுத்து.

டிசம்பர் ஒன்றாம் தேதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. உனக்குத் தெரிந்ததுதான், அதற்குப் பிறகு வருகிற கடிதங்களை மதர் பிரிக்காமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிடுவார். கிறிஸ்துமஸ் அன்றுதான் கைக்கு வரும். தவக்காலத்திலும் அப்படியே, ஈஸ்டர் வரை. அந்த நாட்களில் உன் குளத்துக்கு என் செபம் மட்டும்தான், கெமிஸ்ட்ரி கிடையாது.

பதினொன்று. மாதா அதை நூறாக்கட்டும்.

அக்கா
செல்வமேரி

*

ஸ்ரீரங்கம்
1.3.2025, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து கிடைத்தது. சிஸ்டர் பிரான்சிக்குக் கண் ஆபரேஷன் என்றீர்களே, பார்வை தெளிந்ததா?

ஆசிட் வேலை செய்தது. ஜனவரி முழுக்கத் தண்ணீர் ஸ்படிகம். அடியில் கிடக்கிற ஒரு ரூபாய் நாணயத்தில் வருஷம் படிக்கலாம். அனிஷா பிப்ரவரி முதல் வாரம் இருபத்துமூன்று அடி நடந்தாள். குளத்தின் நீளம் இருபத்துநாலு அடி. கடைசி ஓரடிக்குக் கம்பியைப் பிடித்துவிட்டாள். "அடுத்த வாரம் சுவரைத் தொட்டுடுவேன்ப்பா" என்றாள்.

அடுத்த வாரம் பம்ப் மோட்டார் எரிந்துவிட்டது. புதுசு வந்து சேரப் பன்னிரண்டு நாள். இதற்கு நடுவே கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் குளம் பச்சிலைச் சாறு மாதிரி நிற்கிறது. டெஸ்ட் குழாயில் ரத்தச் சிவப்பு, எலுமிச்சை நிறம் துளியும் இல்லை. மச்சான் போன் செய்தார். ஏப்ரல் என்றவர் மார்ச் 13ஆம் தேதி வருகிறாராம், இன்ஜினியரோடு.

அனிஷாவுக்குச் சொல்லவில்லை. "ஏன்ப்பா இறங்கக்கூடாது?" என்று தினம் கேட்கிறாள். பம்ப் சரியில்லை என்கிறேன். பம்ப் வந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும்.

ஆசிட் ஒரு நாள், குளோரின் ஒரு நாள், பிறகு படிகாரம், பிறகு படியவிட்டு உறிஞ்சி எடுப்பது என்று போனால் போன தடவை மாதிரி மூன்று வாரம் ஆகும், நாள் பத்தாது. முழுத் தண்ணீரையும் மாற்ற இப்போது போர்வெல்லில் ஊற்று போதாது. அதனால் ஒரு யோசனை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டிரம்மில் கலந்து, பம்ப் அறையிலேயே வைத்து, குழாய் வழியாகக் குளத்துக்கு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இரண்டுமே நீங்கள் சொன்ன மருந்துதானே? வழக்கம்போல் பத்து நாள் பார்க்கிறேன். 11ஆம் தேதி செய்தால் 13ஆம் தேதிக்குத் தெளிந்துவிடும்.

புதன்கிழமை திருநீறு, தவக்காலம் தொடங்குகிறது என்பது நினைவிருக்கிறது. இன்றைக்கே போடுகிறேன். திங்கள், மிஞ்சிப்போனால் செவ்வாய்க்குள் கிடைத்துவிடும். டப்பா மூடுவதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுவீர்கள்.

தம்பி
ஆசீர்

*

திருச்சி
15.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

லிசி எழுதுகிறேன். நீங்கள் சுகம்தானே? தவக்காலத்தில் இது உங்கள் கைக்கு வராது என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். சாவுச் செய்திக்கு மட்டும்தான் உங்கள் போன். நான் போன் செய்யவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை, 11ஆம் தேதி மத்தியானம், உங்கள் தம்பி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பம்ப் அறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டிரம்மில் கொட்டியிருக்கிறார். கொட்டினதும் பச்சையும் மஞ்சளுமாகப் புகை. தரைக்குக் கீழே நான்கு படி இறங்குகிற அறை, ஜன்னல் இல்லை. ஏறி வரும்போது படியிலேயே விழுந்துவிட்டார்.

அனிஷா வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். வீல்சேர் பின்வாசல் படியைத் தாண்டாது. அங்கேயே உட்கார்ந்து கத்தியிருக்கிறாள். ரங்கநாதன் சார் மதில் ஏறிக் குதித்து, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இவரை வெளியே இழுத்திருக்கிறார். எழுபது வயதில். அவரையும் ஒரு நாள் அட்மிட் செய்தார்கள்.

நான் டியூட்டியில் இருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். என் கையாலேயே ஆக்ஸிஜன் வைத்தேன். நுரையீரல் வெந்த மாதிரி என்கிறார் டாக்டர். பிழைத்துவிடுவார், ஆனால் பழைய மூச்சு வருமா என்பது சொல்வதற்கில்லை என்கிறார்.

இரண்டையும் சேர்க்கக்கூடாது என்று எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாள் அண்ணி. ஒரே வீட்டில் இருக்கிற என்னைக் கேட்கவில்லை. அவர் உங்களைத்தான் கேட்பார். "அக்காவுக்கு எழுதிப் பத்து நாள் ஆச்சு, பதில் வரலை, அப்ப சரிதான்" என்று அனிஷாவிடம் சொல்லிவிட்டுத்தான் பம்ப் அறைக்குப் போனாராம். கோபத்தில் எழுதவில்லை. கோபமும் இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நேற்று மாஸ்க்கோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்: அக்காவுக்குச் சொல்லாதே.

செபியுங்கள்.

லிசி

*

சேசு மரி சூசை

மலையடி மடம்
20.4.2025, உயிர்ப்பு ஞாயிறு

ஆசீர்,

நலம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

காலைப் பூசை முடிந்து மதர் டப்பாவைத் திறந்து ஆளாளுக்குக் கடிதம் கொடுத்தார். எனக்கு இரண்டு. மேலே இருந்தது உன்னுடையது, மார்ச் ஒன்றாம் தேதி எழுதியது. இப்போதுதான் படித்தேன்.

கலக்காதே. ஆசீர், கலக்காதே. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு.

உறை மேல் தபால் முத்திரை திங்கட்கிழமை. சனிக்கிழமை தபால்காரர் பெட்டியைத் திறந்து எடுத்த பிறகு போட்டிருக்கிறாய். புதன்கிழமை காலை நாங்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வரும்போதுதான் தபால் வந்தது. நான் பார்த்தேன் ஆசீர். மதர் டப்பாவில் வைக்கும்போது உன் கையெழுத்தை நான் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். நாற்பது நாள் கழித்துப் படிக்க ஒரு நல்ல விஷயம் உள்ளே இருக்கிறது, அனிஷாவின் எண் இருக்கிறது என்று நினைத்தேன். தினமும் அந்த டப்பாவைத் தாண்டித்தான் கோவிலுக்குப் போனேன். கேட்டிருந்தால் மதர் கொடுத்திருப்பார். கேட்காமல் இருப்பதை ஒரு தவமாக ஒப்புக்கொடுத்தேன்.

அக்டோபரில் உனக்குக் குளோரினைப் பற்றி எழுதினேன். நவம்பரில் ஆசிட்டைப் பற்றி எழுதினேன். தெறிக்கும் என்று எழுதினேன், கையுறை போடு என்று எழுதினேன். இரண்டையும் சேர்க்காதே என்ற ஒரு வரியை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, தெரியவில்லை.

இரண்டாவது உறையில் இருப்பது உன் கையெழுத்து இல்லை. லிசியின் கையெழுத்து. பிரிக்காமல் எதிரே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பிரிக்கிற வரைக்கும் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டர் பிரான்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

*

பிரித்துவிட்டேன்.

மதரிடம் போய் வெளியே அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஒரு நாள் போதும், தம்பியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். பாவம், அவர் அழுதுவிட்டார். நாங்கள் கொடுத்த வார்த்தைப்பாடு அப்படி. வெளியே போக முடியாது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எங்களை வெளியுலகத்திலிருந்து பிரிக்கிற இந்தக் கிராதிக் கம்பியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அது ஆடவில்லை.

எழுதக்கூட வேண்டாம். உன் கையெழுத்தில் ஆசீர் என்று ஒரே ஒரு சொல் போட்டு அனுப்பு.

அக்கா

*

ஸ்ரீரங்கம்
4.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசீர். ஆசீர். ஆசீர். ஒன்று கேட்டீர்கள், மூன்று போட்டிருக்கிறேன்.

நலம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் ராஜோபசாரம். இப்போது வீட்டில். மாடிப்படி மட்டும் கொஞ்சம் தகராறு செய்கிறது. தினமும் அரை மணி நேரம் எதையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், நுரையீரலுக்குப் பயிற்சி. உங்கள் பழைய கடிதங்களைத்தான் வாசிக்கிறேன். அனிஷா கேட்கிறாள்.

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் உங்கள் தப்பு ஒரு கடுகளவும் இல்லை. நான் பத்து நாள் காத்திருக்கவே இல்லை. கடிதத்தைப் பெட்டியில் போட்ட மூன்றாம் நாளே அவசரப்பட்டுக் கலந்துவிட்டேன். என் கடிதம் செவ்வாய்க்கிழமையே உங்களுக்குக் கிடைத்து, நீங்கள் அன்றே பதில் எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. லிசிக்குப் பதற்றத்தில் தேதி குழம்பியிருக்கும்.

குளம் நன்றாக இருக்கிறது. மச்சான் வந்து பார்த்தார். "இருக்கட்டும் மாப்ள" என்றுவிட்டார். ஒரு ஆளைப் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள், எனக்கு வேலை இல்லை. எண் கேட்பீர்கள். நாற்பது. ஒரு முறை போய்த் திரும்பி, பாதிக்கு மேல் வந்துவிடுகிறாள்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஆசீர்

*

ஸ்ரீரங்கம்
5.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? மதர் உங்களைப் பற்றிக் கவலையோடு ஒரு வரி எழுதியிருந்தார்.

உங்கள் தம்பி நேற்று உங்களுக்கு எழுதியதை என்னிடம் காட்டினார். "இப்படியே இருக்கட்டும் லிசி" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல என்னால் முடியாது.

குளம் இல்லை அண்ணி. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அண்ணன் மணல் அடித்து மூடிவிட்டார். எங்கள் மேல் கோபம் இல்லை, பயந்துவிட்டார். "என் வீட்டுக் குளத்துக்கு என் தங்கச்சி தாலியைக் குடுக்க முடியாது" என்று சொன்னார். ஆறு லாரி மண்ணும் மணலும். ரங்கநாதன் சார் அந்த நாவல் கிளையை ஆள் வைத்து வெட்டிவிட்டார். வெட்டியதை வந்து என்னிடம் சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் போய்விட்டார்.

போன வாரம் அனிஷா தன்னை அந்த மணலில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். கையை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். முதல் அடி வைப்பதற்குள் விழுந்துவிட்டாள். அழவில்லை. "தண்ணி தாங்குச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி ஓடிவர மூச்சு இல்லை.

அவர் எழுதியதை நீங்கள் நம்பினதாகவே எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்தால் அதைச் சத்தமாக வாசிப்பார். அனிஷாவும் கேட்பாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

லிசி

*

சேசு மரி சூசை

மலையடி மடம்
18.5.2025

அன்புத் தம்பி ஆசீருக்கு,

உன் மூச்சு உன்னிடம் திரும்பி வரட்டும். நான் சாப்பிடுகிறேன். சிஸ்டர் பிரான்சி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்.

இதை நீ சத்தமாக வாசிப்பாய். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். ஒவ்வொன்றின் முடிவிலும் நின்று மூச்சு வாங்கிக்கொள்.

உன் கடிதத்தை நம்புகிறேன். மூன்றாம் நாளே கலந்துவிட்டாய். நீ எப்போதும் அவசரக்காரன்.

குளம் நன்றாக இருப்பது சந்தோஷம். அனிஷா நாற்பது அடி நடப்பது அதைவிடச் சந்தோஷம். அனிஷாக்குட்டி, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். அத்தை இனி நாற்பது என்று சொல்லித்தான் செபிப்பேன்.

கோடையில் தண்ணீர் குறையும். மட்டம் இறங்காமல் பார்க்கச் சொல். காற்றில் வேப்பம்பூ உதிரும். வலை கிழியாமல் இருக்கிறதா என்று பார். பில்டரை வாரம் ஒருமுறை கழுவச் சொல்.

இனி, நான் எழுத மறந்த வரி. ஆசிட் ஒரு நாள். குளோரின் இன்னொரு நாள். நடுவே ஒரு நாள் முழுக்க விடவேண்டும். ஒரே வாளியில் கூடாது. ஒரே அறையிலும் வைக்கக்கூடாது. இந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசி.

பத்து நாள் ஏற்பாட்டை இன்றோடு எடுத்துவிடுகிறேன். இனி என்னிடமிருந்து பதில் வராவிட்டால் சரியென்று அர்த்தம் இல்லை. வேண்டாம் என்று அர்த்தம். ஒன்றும் செய்யாதே. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திரு. நானும் இங்கே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

லிசிக்கு என் அன்பு. ரங்கநாதன் சாருக்கு என் கும்பிடு.

அக்கா
செல்வமேரி